பையோடு பஸ் ஏறும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் முகவரி இல்லை. வீட்டுக்குத் தபால் வந்தால் அப்பா பிரித்துவிடுவார், போஸ்ட்மேன் உள்ளூர்க்காரர், கல்லூரிக்கு எழுதினால் ஆபீஸ் மேஜையில் எல்லார் கண்ணிலும் படும் என்று காரணத்தையும் எழுதியிருந்தாய். போன் நம்பரும் தரவில்லை. அதனால்தான் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். உன் பெயர், ஊர், என்ன படிக்கிறாய் என்பது எதுவும் இதில் வராது. உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அக்கா என்று கூப்பிட்டிருந்ததால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

நான்கு பக்கம் எழுதியிருந்தாய். மூன்றாம் பக்கத்தின் அடியில், "நான் இல்லாமப் போயிட்டா வீட்ல எல்லாருக்கும் நல்லதுன்னு தோணுது" என்று ஒரு வரி. எழுதிவிட்டு அடித்திருக்கிறாய். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

இந்த எண்ணம் வருவதால் நீ கெட்டவனோ கோழையோ ஆகிவிட மாட்டாய். மனச்சோர்வு நோயில் தூக்கம் கெடுவதும் பசி போவதும் எப்படியோ, அப்படித்தான் இந்த எண்ணமும் வருகிறது. தினமும் இதைக் கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பதற மாட்டார்கள். நோய் இறங்கும்போது எண்ணமும் இறங்கும். ஆனால் அது பலமாக வரும் இரவில் நீ தனியாக இருக்கக் கூடாது. அம்மாவை எழுப்பு. எழுப்ப முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணை அழுத்து. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசகர்கள் உண்டு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. அங்கே எதிர்முனையில் இருப்பவர் உனக்குப் புத்தி சொல்ல மாட்டார். கேட்பார். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், அடித்துவிட்ட அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டு, போதும். நிலைமை கைமீறுகிறது என்று பட்டால் 108, அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இந்த நான்கு எண்களையும் இப்போதே போனில் பதிந்துவிட்டு மேலே படி.

பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து வகுப்புக்குள் கால் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆனால் தினமும் காலையில் குளித்து, அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாய். காஞ்சிபுரத்தில் இறங்கி, நடை சாத்தும்வரை ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறாய். கல்லூரி விடும் நேரம் பார்த்து ஊர் திரும்புகிறாய். சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துப் போகிறாய், அம்மா கேட்கக் கூடாது என்பதற்காக.

அப்பா சோம்பேறி என்று திட்டுகிறார் என்கிறாய். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கல்குவாரி லாரியில் பகலெல்லாம் தூசி தின்றுவிட்டு வருகிறவர். பிள்ளை சாயங்காலம் வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால், அதைச் சொல்ல அவரிடம் இருக்கும் சொல் அது ஒன்றுதான். ஆனாலும் அது உண்மை இல்லை, தம்பி. சோம்பேறிக்குச் சும்மா இருப்பது சுகமாக இருக்கும். உனக்கு அதில் ஒரு நிமிஷம்கூடச் சுகம் இல்லையே! இந்தப் பொய்யைத் தினமும் காப்பாற்ற நீ செலவழிக்கிற தெம்பில் ஒரு செமஸ்டரைப் படித்து முடித்துவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. உனக்கு இருப்பது மனச்சோர்வு நோய்தானா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் போய்ப் பார்த்தே ஆக வேண்டிய கட்டத்தில் இருக்கிறாய் என்பதை யாரும் சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும் மனசு கனத்துக் கிடக்கிறதா, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனதா என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். பிறகு தூக்கம், பசி, களைப்பு, கவனம், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம். இரண்டு வாரம் என்பது அவர்கள் கணக்கு. உனக்குப் பல வாரங்கள் ஓடிவிட்டன. விடியற்காலை மூன்று மணிவரை விழித்திருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குக் கூப்பிட வருகிற பையன்களிடம் ஜுரம் என்கிறாய், வாட்ஸ்ஆப் பார்ப்பதே இல்லை.

காரணம் தெரியவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். வகுப்பு சார் "என்னடா, லவ் பெயிலியரா?" என்று கேட்டாராம், இல்லை என்றதும் "அப்புறம் என்ன?" என்று விட்டுவிட்டாராம். காரணம் இருந்தால்தான் கஷ்டப்பட உரிமை என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தால் எனக்கு நிறையத் தெரிகிறது. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு இங்கே எல்லாம் இங்கிலீஷ். போன வருஷம் ஆறு மாதம் ஒரகடத்தில் கான்ட்ராக்டில் நைட் ஷிப்ட், பகலில் வகுப்பு. வீட்டில் குழுக் கடன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் என்பதால் எல்லார் கண்ணும் உன்மேல். இதில் எது காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்றும் இல்லாமலும் இந்த நோய் வரும், பணக்கார வீட்டிலும் வரும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போக வேண்டும் என்று காத்திருக்காதே.

நீ ஒருவன் மட்டும் இல்லை என்பதற்கு ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர். அந்த நோய் இருந்தவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சைக்கே போகவில்லை. நீ உட்கார்ந்து வருகிற பஸ்ஸில் 60 பேர் இருந்தால், உன்னோடு இன்னும் ஓரிருவர் இதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். அவர்களும் உன்னைப் போலவே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது உன் கடிதத்தின் உண்மையான கேள்விக்கு வருகிறேன். டாக்டர் இருக்கிறாரா என்று நீ கேட்கவில்லை. "யாராவது பாத்துட்டா?" என்று கேட்டிருக்கிறாய். நகரத்தில் இருந்துகொண்டு 'தயங்காமல் உதவி கேளுங்கள்' என்று எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரிவதில்லை. சென்னையில் ஒரு பையன் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் போகும் யாருக்கும் அவனைத் தெரியாது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வரிசையில் உனக்கு முன்னால் நிற்பவர் உன் தெரு அத்தை, பின்னால் நிற்பவர் கூட்டாளியின் அப்பா. சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். நாளைக்குத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது 'அண்ணன் ஒரு மாதிரி' என்று பேச்சு வரும். இந்தப் பயத்தை அசட்டுப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் அந்தப் பயத்தோடேயே போய்வருகிற வழியைச் சொல்கிறேன்.

நீ ஏற்கனவே தினமும் காஞ்சிபுரம் போகிறாய். அங்கே மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். காலையிலேயே போ, ஓ.பி. மதியத்துக்குள் முடிந்துவிடும். பல்வலிக்கு வந்தவரும் கால்வலிக்கு வந்தவரும் சீட்டு வாங்குவது ஒரே இடத்தில்தான். "தூக்கமே வரல, மனநல டாக்டரப் பாக்கணும்" என்று சொல். அவ்வளவு சத்தமாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், பொது மருத்துவரைப் பார்ப்பதாகச் சீட்டு வாங்கி, உள்ளே போய் அவரிடம் சொல், அவர் அனுப்பிவைப்பார். காஞ்சிபுரமும் கிட்டத்தில் இருக்கிறது என்று தோன்றினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் உன்னை யாரும் தேட மாட்டார்கள். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் வந்துபோகிறார்கள். உத்திரமேரூருக்கு எந்த நாள் என்பதை 14416இல் கேட்டாலே விசாரித்துச் சொல்வார்கள். முதல்முறை தூரமாகப் போய்விட்டு, பழகிய பிறகு பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். தவறே இல்லை.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். சினிமாவில் கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே சிரிப்புக்கு வைத்துவிட்டார்கள். ஷாக் கொடுக்கும் காட்சியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் 1984இல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். 98 வயதில், 2021 டிசம்பரில் காலமானார். சினிமாக்காரர்கள் கேலிக்கு எடுத்துக்கொண்ட அந்த இடத்தில், ஒரு மனுஷி இத்தனை வருஷம் நோயாளிகளுக்காக உழைத்திருக்கிறார். உனக்கு அந்தப் பெயர் காதில் விழும்போது அவர் நினைவு வரட்டும்.

உன்னைப் பார்க்கப் போகிற டாக்டர் உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்பார். ரத்தப் பரிசோதனை எழுதுவார், ஏனென்றால் தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப் போடும். நோய் லேசாக இருந்தால் கவுன்சிலிங் மட்டும் போதும் என்பார். அதைவிடக் கூடுதலாக இருந்தால் மாத்திரையும் எழுதுவார், அரசு மருத்துவமனையில் அது இலவசம். மாத்திரை தின்றதும் மறுநாளே மனசு லேசாகிவிடாது. வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரம் குமட்டலோ தலைவலியோ இருக்கலாம், பெரும்பாலும் தானே போய்விடும். பலர் இந்த இடத்தில்தான் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். உன் வயதுக்காரர்களுக்கு ஆரம்ப வாரங்களில் மனப் பதற்றமோ சாவு எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆகிவிடாது. கூட்டாளிகள் சொன்னார்கள் என்று தூக்கத்துக்குக் குடித்துப் பார்த்ததாக எழுதியிருந்தாயே, அதுதான் பழக்கமாகும், சோர்வையும் இன்னும் ஆழமாக்கும். டாக்டரிடம் அதையும் மறைக்காதே.

நீ சொல்வதை டாக்டர் அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ, கல்லூரிக்கு எழுதிவிடுவாரோ என்றும் பயப்பட வேண்டாம். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுவதை உன் உரிமை என்கிறது, உன் நோயைப் பற்றிய விவரம் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. உனக்கு 18 முடிந்துவிட்டது, தனியாகவே போகலாம். சாக நினைத்தேன் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். எண்ணத்தைச் சொன்னதற்கு எந்தக் காலத்திலும் வழக்கு இருந்ததில்லை. முயற்சி செய்தவர்களைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

ஆயா தாயத்துக் கட்டியிருக்கிறார், அடுத்த மாதம் சோளிங்கர் மலைக்குக் கூட்டிப்போகப் போகிறார். போய்விட்டு வா. பேரனுக்காக அந்த வயதில் அத்தனை படி ஏறத் துணிகிறாரே, அந்த மனசு பெரிது. நரசிம்மரைக் கும்பிட்டுவிட்டு மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம், இரண்டுக்கும் சண்டை கிடையாது. ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் பெருமாள் கோயிலிலும் வழிபாட்டோடு மருத்துவமும் நடக்கிறது. மலைக்குப் போவதற்காக டாக்டரைத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம்.

இதற்கு நடுவில் கொஞ்சம் உன் ஊர்ப் பெருமை பேசுகிறேன், காரணத்தோடுதான். உத்திரமேரூர் என்றதும் எல்லாரும் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். நான் சொல்ல நினைப்பது அதே தாலுகாவில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் திருமுக்கூடல் கோயிலில் இருக்கிற இன்னொரு கல்வெட்டு. வீரராஜேந்திரச் சோழன் காலத்தது, ஏறத்தாழ 1068ஆம் ஆண்டு. அந்தக் கோயிலில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் கல்லூரி இருந்தது. அதோடு சேர்த்து ஒரு ஆதுலசாலையும், அதாவது மருத்துவமனையும் இருந்தது. பதினைந்து படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு அரிசி என்றும், இரவில் எரியும் விளக்குக்கு இவ்வளவு எண்ணெய் என்றும் கணக்கு. கையிருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். படிக்க வந்த பிள்ளைகளும் கோயில் ஊழியர்களும் அங்கேதான் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்லூரியில் எல்லாரும் படித்துவிடவில்லை. வேதம் படிக்க இடம் பெற்ற குலத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அது. உன்னையும் என்னையும் அன்றைக்கு உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அதை மறந்துவிட்டுப் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள்: பிள்ளைகளைப் படிக்கக் கூட்டி வைத்தால் அவர்களுக்கு நோய் வரும், அதற்கும் சேர்த்துத்தான் செலவுத் திட்டம் போட வேண்டும். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டோம். அது எத்தனையோ பேர் போராடி வாங்கித் தந்தது. திறந்த கதவு வழியாக வந்த பிள்ளை உள்ளே சரிந்து விழுந்தால் பிடிக்க ஆள் வைத்திருக்கிறோமா?

இதைப் படிக்கும் முதல்வர்களிடமும் பேராசிரியர்களிடமும் ஒரு வார்த்தை. 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்களைத் தற்கொலைக்கு இழந்திருக்கிறோம் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வகுத்தது. தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் 'மனம்' என்ற திட்டத்தில் மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கின. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு இது தேவை என்றால், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா அனுப்பிவைத்த கலைக் கல்லூரிப் பிள்ளைக்கு அதைவிட அதிகமாகவே தேவை. உளவியல் படித்தவர் வரும்வரை செய்யக்கூடியதும் இருக்கிறது. கோவாவில் மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டுமுறை நோயாளியோடு உட்கார்ந்து பேசவைத்தார்கள். எழுந்து செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகளை அவர்களோடு சேர்ந்து திட்டமிட்டார்கள். மனச்சோர்வு குறைந்ததை 2016இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ஏற்பாட்டில், பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே மரபெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்கள். நம் கல்லூரிகளில் வேண்டியது முதலில் ஒரு கதவு சாத்தக்கூடிய அறை. ஸ்டாப் ரூமில் எட்டுப் பேர் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நடுவில் நிற்க வைத்து "என்ன பிரச்சினை, சொல்லு" என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. அப்புறம், பத்து நாள் வராத பிள்ளையின் பெயரை ஷார்ட்டேஜ் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் ஒரு போன்.

தம்பி, திரும்ப உன்னிடம் வருகிறேன். டாக்டரிடம் தனியாகப் போகலாம் என்றேன், ஆனால் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. கிரிக்கெட்டுக்குக் கூப்பிட ஒரு பையன் விடாமல் வருகிறானே, மூன்று மாதமாக நீ விரட்டியும் வருகிறான், அவனிடம் சொல். "மனசு சரியில்லடா, ஆஸ்பத்திரிக்குப் போவணும், கூட வா" என்றால் போதும், விளக்கம் கேட்க மாட்டான். வீட்டில் முதலில் அம்மாவிடம் சொல்வது உனக்கு எளிது என்று தோன்றுகிறது. அப்பாவிடம் சொல்லும்போது மனநலம், டிப்ரஷன் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. அவருக்குத் தெரிந்த பாஷையில் பேசு. "அப்பா, பொங்கல்லேர்ந்து தூக்கம் இல்ல, சோறு இறங்கல, ஒடம்பு சரியில்ல. டாக்டரப் பாத்தேன், மாத்திரை குடுத்திருக்காரு. ஒருவாட்டி கூட வரியாப்பா?" கோபப்படலாம். இத்தனை நாள் காலேஜுக்குப் போகாததைச் சொன்னால் இன்னும் கோபப்படுவார். அந்தக் கோபத்துக்குள்ளே இருப்பது பயம். டாக்டர் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, இது நோய்தான் என்று அந்த டாக்டரே சொல்வதைக் கேட்டால் நிறைய அப்பாக்கள் மாறிவிடுகிறார்கள். மாறாவிட்டாலும் உன் சிகிச்சை நடக்கும்.

முதலில் பார்க்கிற டாக்டர் அவசரப்படுகிறவராக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் கூட்டம் அப்படி. இரண்டே நிமிஷத்தில் சீட்டு எழுதிவிட்டால் மனம் விட்டுவிடாதே, அங்கேயே ஆலோசகர் இருப்பார், அவரோடு பேச வேண்டும் என்று கேள். அவரும் சரிப்படவில்லை என்றால் வேறொருவர். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. எனக்கு எழுதியதில் மூன்றாம் பக்கம் ஒன்றே போதும். அடிக்காமல் எழுது.

கடைசியாக, டிகிரி. எல்லாம் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டாய். 75 சதவீத வருகை இல்லை, அது உண்மை. கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றிதழும் கண்டோனேஷன் கட்டணமும் வைத்துத் தேர்வு எழுத விடுவார்கள். உனக்குக் குறைவு அதிகம் என்பதால் இந்த செமஸ்டர் கிடைக்காமலே போகலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பேப்பர்களைப் பிறகு எழுதுவது எப்படி, செமஸ்டரைத் திரும்பப் படிப்பதா என்பதைத் துறைத்தலைவரிடம் கேட்க வேண்டும். மூன்று வருஷப் படிப்பு நான்கு வருஷம் ஆகும், ஆகட்டும். ஆனால் அவரிடம் போகும் முன் டாக்டரைப் பார்த்துவிடு, ஏனென்றால் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். சிகிச்சையில் இருக்கிறாய் என்ற சான்றிதழை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள். நோயின் பெயரை அதில் விரிவாக எழுத வேண்டாம் என்றும் நீ கேட்கலாம். ஜெராக்ஸ் இரண்டு எடுத்து, அசலை வீட்டில் வைத்துவிட்டு, நகலை மட்டும் கல்லூரியில் கொடு.

அன்புடன்,
அக்கா